உருக்கு நகரத்தின் ஓசைப் பட்டறை

இங்கிலாந்தின் வடபாகத்தில், ஐந்து சிற்றாறுகள் குன்றுகளை அறுத்துக்கொண்டு வந்து கூடும் பள்ளத்தாக்கிலே அமைந்துள்ள ஷெப்பீல்டு நகரம் கத்திக்கும் உருக்குக்கும் பேர்போனது என்பதைப் பூகோளப் புத்தகம் படித்தவர் யாவரும் அறிவர்; பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவி சாஸர், தம் கதைகளில் ஒன்றில் வரும் மாவு ஆலைக்காரனுடைய காலுறையில் ஷெப்பீல்டுக் கத்தி ஒன்றைச் செருகிவைத்தார் என்றால், அவ்வூர்ச் சரக்கின் கீர்த்தி எவ்வளவு பழையது என்பது விளங்கும். ஆனால் 1970-களின் பிற்பாதி தொட்டு அந்நகரம் உலகத்துக்கு அனுப்பிய மற்றொரு சரக்கைப் பற்றி அப்புத்தகங்கள் பேசுவதில்லை. மின்சாரக் கருவிகளாலும், வெட்டி ஒட்டிய ஒலிநாடாக்களாலும், வேண்டுமென்றே உருக்குலைத்த வாத்திய ஒலிகளாலும் ஆன ஓர் ஓசை அது; முதன்முதல் கேட்டவர்களுக்குக் கைகலக்கும் அளவுக்குக் கோபமூட்டி, பதினைந்தே ஆண்டுகளில் நடனசாலைகளின் நித்திய சங்கீதமாகிவிட்ட ஓசை. அதைச் செய்து பார்த்தவர்களுள் முந்தியோர், 1973-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒன்றுகூடிய, 'கேபரே வால்டேர்' என்று பேர் வைத்துக்கொண்ட மூன்று இளைஞர்கள்.

இக்குழுவின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்லி அமைந்துவிடுகின்றனர். டான் ஆற்றங்கரை ஆலைகளில் இரவு முழுதும் விழுந்துகொண்டிருந்த ராட்சசச் சம்மட்டிகளின் ஒலியைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் அவ்வொலியையே சங்கீதமாக்கினர் என்பது அவர்கள் கூற்று. அவ்வூர் இசைக்காரர் பலரும் தங்கள் இளம்பருவத்து இரவுகளைப் பற்றி இவ்வாறே நினைவுகூர்ந்திருக்கின்றனர் ஆதலின், இதைப் பொய்யென்று தள்ள ஒண்ணாது. ஆயினும் சம்மட்டி ஒலி ஷெப்பீல்டுக்கு மட்டும் உரியதன்று. பிட்ஸ்பர்க்கிலும் எஸ்ஸனிலும் ஜாம்ஷெட்பூரிலும் இரும்பு இரவும் பகலும் அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது; ஆனால் இப்படி மூவர் அங்கெல்லாம் தோன்றிவிடவில்லை. அந்நகரம் இப்பிள்ளைகளுக்குக் கொடுத்த முக்கியமான ஆஸ்தி அதன் சப்தமன்று, அதன் தொழில்முறை என்பதே என் அபிப்பிராயம். அதைச் சற்று விஸ்தரித்துச் சொல்ல வேண்டும்.

ஷெப்பீல்டின் உருக்குத் தொழில் பேராலைகளிலிருந்து பிறந்ததன்று. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, கடிகார வில்லுக்குத் தக்க நல்ல உருக்கு கிடைக்காமையால் சலித்து, மூடிய மண்மூசைக்குள் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைத் தாமே கண்டுபிடித்தார். அது மிகவும் கடினமாயிருக்கிறது என்று உள்ளூர்க் கத்திக்காரர்கள் வாங்க மறுத்ததாகவும், பிரெஞ்சுக்காரர் அதை வாங்கிச் செய்த கத்திகள் இங்கிலாந்துக்கே வந்து விலைபோகத் தொடங்கிய பிறகே அவர்களுக்குப் புத்தி வந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. மூசையில் உருக்குக் காய்ச்சுவது நம் தென்னாட்டுக் கொல்லருக்கு அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைவந்த வித்தை என்பதையும், பறங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், பின்னர் இங்கிலாந்து திரும்பி, மூசையில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் உரிமைச் சாசனம் பெற்றார் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. அவருடைய முறையினால் ஷெப்பீல்டு உருக்கின் விலை வெகுவாக இறங்கிற்று, ஊர் கொழித்தது, அவரோ அம்முறையைக் கையாண்டவர்கள்மேல் வழக்காடி வழக்காடியே மாண்டார்.

இவ்வுருக்கைக் கத்தியாகவும் கத்தரியாகவும் சமைத்தவர்கள் 'லிட்டில் மெஸ்டர்' என்று அவ்வூர் வழக்கில் அழைக்கப்பட்ட சிறு பட்டறைக்காரர்கள். ஒரு பெரிய கட்டடத்தின் ஓர் அறையையோ, அறையின் ஒரு மூலையையோ வாடகைக்குப் பிடித்து, சொந்த ஆயுதங்களோடு, ஒருவன் அடிக்க, ஒருவன் சாணை பிடிக்க, ஒருவன் பிடி போட, தாங்களே செய்து தாங்களே விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். முதலாளியின் கீழே கூலி வேலையும் இல்லை, பெருமுதலும் இல்லை. தனக்கு வேண்டிய கருவி கடையில் அகப்படாவிட்டால் அதையும் தானே அடித்துக்கொள்வது அவர்களுடைய வழக்கம். உருக்கைப் பெருமளவில் செய்யும் பெஸ்ஸமர் முறையும் பேராலைகளும் வந்த பின்னரும் இந்தச் சிறு பட்டறை மரபு முற்றிலும் மாய்ந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மரபுக்கு, கத்தி செய்யத் தெரியாத வாரிசுகள் மூவர் கிடைத்தனர் என்றே நான் சொல்வேன்.

கிறிஸ் வாட்ஸன் தொலைபேசி இலாகாவில் கருவி பழுது பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். மின்சுற்று அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரிச்சர்டு கிர்க், ஸ்டீபன் மாலிண்டர் ஆகிய இருவரும் அவரினும் இளையவர்கள், நண்பர்கள், அமெரிக்கக் கறுப்பர்களுடைய ஸோல் சங்கீதத்துக்கு நடனமாடித் திரிந்தவர்கள். இம்மூவருள் முறையாக வாத்தியம் பயின்றவர் எவரும் இலர்; பயில வேண்டும் என்ற அவாவும் இருந்ததாகத் தெரியவில்லை. அக்காலத்தில் 'ராக்ஸி மியூசிக்' என்னும் குழுவில் பிரையன் ஈனோ என்பவர், தாம் சங்கீத வித்துவான் அல்லர் என்று பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டே, ஒலிநாடாவையும் மின்னொலிக் கருவியையும் வைத்து மேடையில் நிற்கலானார். அதைக் கண்ட இவர்களுக்குத் தைரியம் பிறந்தது. வாட்ஸன் வீட்டு மச்சில் வாரத்தில் இரண்டு மாலை கூடி, அவர் கையாலேயே இணைத்துச் செய்த ஒலியலைக் கருவிகளோடும், ஒரு நாடாப்பதிவு யந்திரத்தோடும், கிர்க்கின் கிளாரினெட்டோடும் சோதனைகளை ஆரம்பித்தனர். கேட்பவர் யாரும் இல்லை. கேட்பவர் வேண்டும் என்ற நினைப்பும் முதலில் இல்லை.

ஓசையைச் சங்கீதமாக்கும் எண்ணம் இவர்கள் மூளையிலேயே உதித்ததன்று. 1913-இல் லூயிஜி ருஸ்ஸோலோ என்னும் இத்தாலிய ஓவியர், யந்திர யுகத்துச் செவிக்குப் பழைய வாத்தியங்கள் போதா என்று ஓர் அறிக்கை எழுதி, உறுமவும் கீச்சிடவும் வல்ல மரப்பெட்டிகளைச் செய்து கச்சேரியும் நடத்தினார். 1948-இல் பாரிஸ் வானொலியில் எஞ்சினீயராயிருந்த பியேர் ஷேஃபர், ரயில் நிலையத்தில் பதிவுசெய்த எஞ்சின்களின் ஒலிகளைத் துண்டுதுண்டாக அடுக்கி ஓர் உருப்படி அமைத்து ஒலிபரப்பினார். ஆனால் ருஸ்ஸோலோவுக்கு ஒரு கலை இயக்கமும், ஷேஃபருக்கு ஓர் அரசாங்க ஸ்தாபனமும் பக்கபலமாக நின்றன. ஷெப்பீல்டு மச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. பேரைக்கூட அவர்கள் கடன்தான் வாங்கினர். 1916-இல், உலக மகாயுத்தத்தின் நடுவே, ஹ்யூகோ பாலும் எம்மி ஹென்னிங்ஸும் சூரிச் நகரில் நடத்திய சிறு கேளிக்கை விடுதியின் பேர் அது. அர்த்தம் என்பதையே பரிகசித்த டாடா இயக்கம் பிறந்த இடம். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸ் வசனத்தைக் கத்தரியால் வெட்டி மாற்றி ஒட்டிய தந்திரத்தையும் இவர்கள் படித்திருந்தனர். அவர் காகிதத்தில் செய்ததை இவர்கள் நாடாவில் செய்தனர்.

அந்த நாடா வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. கால் அங்குல அகலமுள்ள பழுப்பு நாடாவில் வேண்டிய ஒலியைப் பதிந்துகொண்டு, சுருளைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டி, ஒலி எழும்பும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, சவர அலகால் சாய்வாக வெட்டுவார்கள். நேராக வெட்டினால் ஒட்டின இடத்தில் 'டக்' என்று ஒரு சப்தம் கேட்கும். வெட்டிய துண்டின் இரு நுனிகளையும் ஒட்டி வளையமாக்கி யந்திரத்தில் பூட்டினால், நாடா விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் கணக்கில், 15 அங்குல வளையம் இரண்டு விநாடிக்கொருமுறை அதே ஒலியை ஓயாமல் திருப்பிச் சொல்லும். வளையம் நீளமானால் அது தொய்ந்து சிக்காமல் இருக்க, ஒலிவாங்கி நிறுத்தும் தண்டிலோ நாற்காலிக் காலிலோ அதைச் சுற்றிவிட வேண்டும். தாளக் கணக்கு இங்கே அங்குலக் கணக்காகிவிடுகிறது. மிருதங்கம் பழகாதவனும் அளவுகோலும் சவர அலகும் இருந்தால் ஆவர்த்தனம் போடலாம் என்பது, வித்தையைக் குறைவாக மதிக்கும் பேச்சாகச் சிலருக்குத் தோன்றலாம். கைவேலையின் நுட்பம் வேறிடத்துக்கு மாறியதேயன்றி மறையவில்லை என்பதே என் கருத்து.

மச்சில் பிறந்த நாடாக்கள் மெல்ல மெல்ல வெளியே வரலாயின. வண்டியில் யந்திரத்தை வைத்து ஊரைச் சுற்றிக்கொண்டே ஒலிக்கவிடுவது, மதுக்கடைக்குள் எடுத்துச் சென்று ஒலிக்கவிடுவது, பொதுக் கழிப்பிடத்தில் ஒலிக்கவிட்டு உள்ளே வருபவர்களின் முகத்தைப் பார்ப்பது முதலிய குறும்புகளுக்குப் பிறகு, 1975-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் அவர்களுக்கு ஒரு மேடை வாய்த்தது. பல்கலைக்கழகத்தில், விஞ்ஞானத்தை மக்களுக்காக்குவோம் என்ற கொள்கையுடைய மாணவர் குழு ஒன்று நடன நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. தாங்கள் சாதாரண ராக் குழு என்று சொல்லியே மூவரும் அந்த வாய்ப்பைப் பெற்றனர். ஆட வந்த ஜனங்களுக்கு நேர்ந்தது வேறு. தாளத்துக்கு நீராவிச் சம்மட்டி ஒன்றின் ஒலியை வளையமாக்கிய நாடா. அதன் மேலே கிர்க்கின் கிளாரினெட்டு அலறல். அவர் போட்டிருந்த சட்டை முழுவதும் மினுக்கும் சிறு விளக்குகள். சிறிது நேரம் திகைத்து நின்ற கூட்டம் பிறகு மேடை மேலேயே ஏறிவிட்டது. நடந்த கைகலப்பில் மாலிண்டர் கீழே விழுந்து, முதுகெலும்பில் சிறு முறிவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்தச் சம்மட்டியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த ஊரிலேதான் இந்த அடிதடி நடந்தது. பகலெல்லாம் காதில் விழுவதை இரவில் சங்கீதமென்று ஒருவன் தன் முன்னே வைக்கும்போது வரும் ஆத்திரம், அந்நியமான ஒன்றைக் கேட்டு வரும் ஆத்திரத்தைவிடக் கடுமையானது போலும். ஊர்ச் சப்தமே இவர்களை வளர்த்தது என்ற விளக்கம் எனக்குத் திருப்தி அளிக்காமைக்கு இதுவும் ஒரு காரணம். ஊரின் சப்தத்தை ஊரே விரும்பவில்லை.

சில ஆண்டுகளில் காற்று இவர்கள் பக்கம் வீசலாயிற்று. 1976, 1977-இல் லண்டனில் கிளம்பிய பங்க் இயக்கம், மூன்று சுரக்கட்டு தெரிந்தவன் மேடையேறலாம் என்று முழங்கிற்று. ஒன்றுகூடத் தெரியாமலே நான்கு ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்த இவர்களுக்கு அது புதுச் சேதியன்று, ஆயினும் அது திறந்த கதவுகள் வழியே இவர்களும் நுழைந்தனர். லண்டனில் 'திராபிங் கிரிஸில்' என்னும் நால்வர் குழு இதே வகையான ஓசையைத் தன்னந்தனியே வளர்த்து, தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பேர் சூட்டியிருந்தது. இவ்வகை இசை முழுவதற்கும் பின்னர் 'இண்டஸ்ட்ரியல்' என்ற பேர் நிலைத்தது அதனாலேயே. அவர்களே இவர்களுடைய தட்டையும் வெளியிட விரும்பினர், பணமில்லை. 'ரஃப் டிரேட்' என்னும் லண்டன் கடைக்காரர்களிடம் போகச் சொன்னார்கள்.

ரஃப் டிரேட்டாரோடு ஏற்பட்ட உடன்பாடுதான் இக்கதையில் முக்கியமான திருப்பம். செலவு போக வரும் லாபத்தை நிறுவனமும் கலைஞரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் கொள்கையுடையவர்கள் அவர்கள். அவர்களிடமிருந்து பெற்ற முன்பணத்தை இம்மூவரும் வேறொருவருடைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகையாகக் கொட்டவில்லை. சொந்தமாகவே ஒரு நான்கு தட ஒலிப்பதிவு யந்திரம் வாங்கினார்கள். ஏற்கெனவே போர்ட்டோபெல்லோ தெருவில், 'வெஸ்டர்ன் ஒர்க்ஸ்' என்னும் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில், சோஷலிஸ்டு இளைஞர் சங்கத்தார் இருந்து காலிசெய்த அறைகளை வாடகைக்குப் பிடித்திருந்தனர். பழைய பட்டறைக்காரர்கள் செய்ததும் இதைத்தானே: பெரிய கட்டடத்தில் ஒரு மூலை, சொந்த ஆயுதம், சரக்கை வாங்கி விற்க வெளியூரில் ஒரு நம்பகமான ஆள். இரவு இரண்டு மணிக்கு ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் செய்யலாம். மணியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எஞ்சினீயரும் இல்லை, இந்தச் சத்தத்தைக் குறை என்று சொல்லும் தயாரிப்பாளரும் இல்லை.

அப்பட்டறையின் உற்பத்தி வேகம் அசாதாரணமானது. 1978-இல் முதல் சிறு தட்டு. 1979-இல் 'நாக் நாக் நாக்' என்னும் தனிப்பாட்டும், 'மிக்ஸ்-அப்' என்னும் முதல் நெடுந்தட்டும். 1980-இல் 'தி வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'. அதே ஆண்டில் 'த்ரீ மந்த்ராஸ்' என்று பேர் வைத்து உள்ளே இரண்டே மந்திரங்களைக் கொடுத்த குறும்பும். 'நாக் நாக் நாக்' இன்றைக்கும் கேட்கத்தக்கது. வீட்டு ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணையாகச் செய்யப்பட்ட அற்பமான தாளப்பெட்டி ஒன்று டிக்டிக்கென்று ஓட, ரம்பம் போலக் கரகரக்கும் கிர்க்கின் கித்தார் அதை மேவ, அதற்குள்ளே மூச்சுத்திணறுவது போல் மாலிண்டரின் குரல் வரும். அக்குரலில் சொற்கள் தெளிவாயிரா. தெளியக்கூடாது என்பதற்காகவே அதை மின்கருவிக்குள் செலுத்தித் திரித்திருந்தார்கள். ஆனால் அடியிலே ஓடும் பேஸ் கித்தாரைக் கவனித்துக் கேட்டால், ஜமெய்க்கா நாட்டு டப் இசையும், ஜேம்ஸ் பிரௌனும், இவர்கள் சிறுவயதில் ஆடிய ஸோல் தட்டுகளும் அங்கே உறைந்திருப்பது புலப்படும். பிற்காலத்தில் இவர்கள் நடன இசைக்குத் தாவிவிட்டார்கள் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டது அடித்தளத்தைக் கேளாமல் மேற்பூச்சை மாத்திரம் கேட்டதன் விளைவு.

அந்த வாடகை அறைகள் இவர்களுக்கு மட்டும் பயன்படவுமில்லை. மான்செஸ்டர் நகரத்து 'ஜாய் டிவிஷன்' குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்ட பிறகு, எஞ்சிய மூவரும் 'நியூ ஆர்டர்' என்ற புதுப் பேரில் தங்கள் முதல் முயற்சிகளை அவ்வாண்டு செப்டம்பரில் பதிந்து பார்த்தது இங்கேதான். ஷெப்பீல்டிலேயே 'ஹியூமன் லீக்', 'கிளாக் டிவிஏ' முதலிய குழுக்கள் தோன்றின. ஹியூமன் லீக்கைத் தோற்றுவித்தவர்கள் கம்ப்யூட்டர் நிலையச் சிப்பந்திகள். அதன் பாடகர் ஆஸ்பத்திரியில் ஏவலாளர். எவரும் முழுநேரக் கலைஞரல்லர்; மாலையில் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த உத்தியோகஸ்தர்கள்.

1979-இன் கடைசியில் அமெரிக்கா சென்று வந்த மூவரும், அங்கே தொலைக்காட்சியில் இரவு பகலாகப் பிரசங்கம் செய்து பணம் கேட்ட கிறிஸ்தவப் பிரசாரகர்களைக் கண்டு பிரமித்தனர். அதே சமயத்தில் ஈரானில் புரட்சி. சமயம் இரு திக்கிலும் அரசியல் ஆயுதமாவதைக் கண்ட திகைப்பு 1981-இல் வெளிவந்த 'ரெட் மெக்கா' என்னும் தட்டாயிற்று. உபதேசமாகவோ கண்டனமாகவோ அதில் ஒரு வாக்கியமும் இல்லை. ஆர்கனின் நீண்ட கார்வையும், எங்கிருந்தோ துண்டாக வரும் பேச்சும், விடாப்பிடியான தாளமும் சேர்ந்து நெஞ்சில் ஒரு பீதியை உண்டாக்குகின்றன. ஷெப்பீல்டுக்கும் அது நல்ல காலமன்று. 1980 ஜனவரியில் தொடங்கிய தேசிய உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 13 வாரம் நீடித்து ஓய்ந்தது. அதன் பின் ஆலை ஒவ்வொன்றாகக் கதவடைத்தது. இக்குழுவின் படைப்புகளுள் ஒன்றையே காப்பாற்ற வேண்டுமென்றால் நான் 'ரெட் மெக்கா'வைத் தேர்ந்தெடுப்பேன்.

அத்தட்டு வெளிவந்த கையோடு, அவ்வாண்டு இறுதியில், வாட்ஸன் விலகி நியூகாஸில் நகரத்து டைன் டீஸ் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்த பத்தாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1983-இல் வர்ஜின் நிறுவனத்தின் ஆதரவோடு 'தி கிராக்டௌன்', அடுத்த ஆண்டு 'மைக்ரோ-ஃபோனீஸ்'. ஓசை ஒழுங்குபட்டு, தாளம் முன்னே வந்து, ஆடத்தக்கதாயிற்று. ஒளிநாடா வெளியீட்டுக்கென்று 'டபிள்விஷன்' என்ற சொந்த நிறுவனமும் கண்டனர். பிறகு இஎம்ஐ என்னும் மாபெரும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், 1987-இல் 'கோட்'. 1990-இல் சிகாகோவுக்கே சென்று, 'ஹௌஸ்' என்னும் நடன இசையின் ஆதிகர்த்தாக்களுள் ஒருவராகிய மார்ஷல் ஜெபர்சனோடு சேர்ந்து செய்த தட்டும் வந்தது. சிகாகோக்காரர்கள் ஐரோப்பிய மின்னிசையைக் கேட்டே தங்கள் பாணியை உருவாக்கியிருக்க, அவ்வைரோப்பியரே அங்கு சிட்சைக்குப் போனது விசித்திரந்தான். அதன் பலன் சாதாரணம். பெரிய நிறுவனத்தின் பணமும் பிறருடைய கூடமும் வந்த இடத்தில் இவர்களுடைய கை தெரியவில்லை.

அதே 1990-இல் கிர்க், ஊருக்குள்ளேயே டிஜே பேரட் என்று அறியப்பட்ட ரிச்சர்டு பாரட்டோடு சேர்ந்து, 'ஸ்வீட் எக்ஸார்சிஸ்ட்' என்ற பேரில் 'டெஸ்ட்டோன்' என்றொரு தட்டைச் செய்தார். ஒலிப்பதிவுக் கருவிகள் சரியாக இயங்குகின்றனவா என்று பரிசோதிக்க எஞ்சினீயர்கள் பயன்படுத்தும் வெறும் மின்கூவலையே முதலாகக் கொண்டது அது. மேலே அந்தக் கூவல், கீழே மார்பை அதிரவைக்கும் மந்தர ஸ்தாயி, நடுவே ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதை வெளியிட்ட 'வார்ப்' நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டில் ஷெப்பீல்டிலேயே ஓர் இசைத்தட்டுக் கடையிலிருந்து முளைத்தது. பின்னர் உலகெங்குமுள்ள மின்னிசைக்காரர்களுக்கு ஒரு துறைமுகமாயிற்று. அந்நிறுவனத்தின் முதல் தட்டைச் செய்த குழு தனக்கு 'ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ்' என்று பேரிட்டுக்கொண்டது. அது அவ்வூரில் இன்றும் இருக்கும் பெரிய உருக்காலையின் பேர். டான் பள்ளத்தாக்கில் இடிக்கப்பட்ட ஹேட்ஃபீல்டு ஆலையின் இடத்தில் மெடோஹால் என்னும் பிரம்மாண்டமான கடைவீதி மாளிகை திறக்கப்பட்டதும் அதே 1990-ஆம் ஆண்டிலேதான். ஆலை இருந்த இடத்தில் கடையும், ஆலையின் பேரில் இசைத்தட்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன.

வெளியேறிய வாட்ஸனின் கதை இதனினும் சுவையானது. பதினொன்று பன்னிரண்டு வயதில் பெற்றோர் பரிசாகக் கொடுத்த சிறிய நாடாப்பதிவு யந்திரத்தை, பறவைகளுக்குத் தீனி வைக்கும் தோட்டத்து மேடையில் இயங்கவிட்டு வந்து, சமையலறைச் சன்னலுக்குப் பின்னே நின்று அவை வந்து கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் அவர். தான் அருகில் இருந்தால் கேட்க முடியாத ஓர் உலகத்தை யந்திரம் கேட்டு வந்து சொல்லிற்று. மச்சில் சம்மட்டி வளையம் ஒட்டிய காலத்திலும் அவர் செய்தது, ஓர் ஒலியை அதன் இடத்திலிருந்து பெயர்த்து மறுபடி கேட்டதேயன்றி வேறன்று. வனவிலங்குகளின் ஒலியைப் பதிவதில் உலகப் பிரசித்தி பெற்று, பிபிசியின் டேவிட் அட்டன்பரோ தொகுத்தளித்த 'தி லைஃப் ஆஃப் பேர்ட்ஸ்' போன்ற தொடர்களுக்கு அவர் உழைத்தார். பிணந்தின்னிக் கழுகுகள் இரையைக் கொத்தித் தின்னும் ஒலியும், பனிப்பாறை முறியும் ஒலியும் அவர் நாடாவில் ஏறின. 2011-இல், மெக்ஸிகோ நாட்டில் நின்றுபோன ரயில் மார்க்கம் ஒன்றில் முன்னர் தாம் பதிந்த ஒலிகளிலிருந்து, ஷேஃபரின் பழைய ரயில் உருப்படிக்கு வணக்கம் செலுத்தும் விதத்தில், 'எல் ட்ரென் ஃபான்டாஸ்மா' என்ற தட்டை வெளியிட்டார். 2013-இல் ஷெப்பீல்டு மில்லேனியம் காலரியில், ஊரைச் சூழ்ந்த மேட்டுநிலம் தொடங்கி ஆறுகளும் தெருக்களும் வரையில் அந்நகரத்தின் ஒலிகளையே ஒரு கண்காட்சியாக அமைத்தார். 1975-இல் அடிக்க வந்த ஊர் இம்முறை மெத்தையில் அமர்ந்து கேட்டது.

1994-இல் 'தி கான்வர்சேஷன்' என்னும் தட்டோடு குழு ஓய்ந்தது. மாலிண்டர் ஆஸ்திரேலியா சென்று நெடுங்காலம் தங்கி, பின்னர் பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கிர்க் மட்டும் ஷெப்பீல்டை விட்டு அகலாமல், எண்ணற்ற புனைபேர்களில் தட்டுகளைச் செய்துகொண்டே இருந்து, 2014-இல் பெர்லின் மேடையொன்றில் கேபரே வால்டேர் என்ற பேரைத் தனியொருவராக மீண்டும் சூடினார். பழைய உருப்படி ஒன்றையும் வாசிப்பதில்லை என்பது அவருடைய நியமம். 2020-இல் 'ஷேடோ ஆஃப் ஃபியர்' வெளிவந்தது. அடுத்த ஆண்டில் இன்னும் மூன்று வெளியீடுகள், அவற்றுள் இரண்டு தாளமே இல்லாத நெடிய ரீங்காரங்கள். 2021 செப்டம்பரில், தமது 65-ஆம் வயதில், அவர் காலமானார்.

குழுவின் முதல் கச்சேரிக்கு ஐம்பதாண்டு நிறைந்த 2025-இல், மாலிண்டரும் வாட்ஸனும் மீண்டும் சேர்ந்து அதே பேரில் ஷெப்பீல்டில் மேடையேறினர். இதை ஒப்பாதவர்களும் இருக்கிறார்கள். பேரை இறுதிவரை சுமந்தவர் கிர்க் ஆயிற்றே, அவர் மறுத்த பழைய உருப்படிகளை அவர் இல்லாதபோது வாசிப்பது தகுமா என்பது அவர்கள் கேள்வி. 1624-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட அவ்வூர்க் கத்தித்தொழிலாளர் சங்கம், பட்டறைக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு முத்திரையைப் பதிந்து கொடுத்து, அந்த முத்திரையைப் பிறன் அடித்தால் தண்டித்து வந்தது. அந்த நியாயப்படி பார்த்தாலும் எனக்கு இதில் குற்றம் தோன்றவில்லை; மச்சில் அந்த முத்திரையை முதலில் வெட்டிய மூவருள் இருவர் இவர்கள்.